பின்னால் மிதித்தால்

கொடைக்கானலில் ஒரு படகுத்துறையை மூடினார்கள்.
ஏலத்தில் மூன்று கயாக்குகள்
மினிலாரியில் மலையிறங்கி
தென்கரைக் கண்மாய்க்கு வந்தன.
வெளுத்த மஞ்சள் நிறம்,
உட்பக்கமெல்லாம் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள்.

தூண்டில் என்றால் சரி, வலை மட்டும் கூடாது
என்றார் குத்தகைக்காரர்.

ஒச்சம்மா எதையும் மாட்டவில்லை.
துடுப்பின் ஒரு பக்க இலை உடைந்திருந்தது.
தண்ணீர்த் தொட்டி மூடியை வெட்டி
கம்பியால் தைத்துக்கொண்டாள்.
செலவு முப்பது ரூபாய்,
அதில் பத்து ரூபாய் டீக்கு.

ஜெயினுலாபுதீன் இ-ஆட்டோவை விற்றவர்,
பேட்டரியை மட்டும் விற்காதவர்.
அதையும் ஒரு மோட்டாரையும் பின்னால் பூட்டினார்.
ஒரு மீன் ஏறுமுன்பே
ஒரு மூட்டை மீன் ஏறினது போல
பின்பக்கம் தாழ்ந்து நின்றது படகு.

எனக்குச் சோழவந்தான் ரயில்வே கேட்டருகே சைக்கிள் கடை.
பெடல், செயின், கிராங்க் எல்லாம் கைவசம்.
கைத்துளைப்பானின் பல்சக்கரம் ஒன்று,
டேபிள் ஃபேன் இறக்கையை நறுக்கிச் செய்த விசிறி ஒன்று.
"கையவிடக் காலுக்கு மூணு பங்கு பலம்,
கை ரெண்டும் தூண்டிலுக்கு மிச்சம்"
என்று டீக்கடையில் பேசினேன்,
கொஞ்சம் அதிகமாகவே.

ஆடி. கொடிக்கால்களைச் சாய்த்துக்கொண்டு
மேல்காற்று.

ஒச்சம்மா தூண்டிலை எடுக்கத்
துடுப்பை மடியில் வைப்பாள்.
வைத்த நேரத்தில் காற்று அவளைப்
பத்து பாகம் கரைப்பக்கம் தள்ளிவிடும்.
துடுப்பை எடுப்பாள், தூண்டில் நிற்கும்.
தூண்டிலை எடுப்பாள், படகு போகும்.
காலையில் பாதி இதிலேயே கழிந்தது.
ஆனாலும் ஆகாயத்தாமரைக்குள்
பாம்பு போல நுழைந்து வந்தாள்,
இரண்டு ஜிலேபிக் கெண்டையோடு.

ஜெயினுலாபுதீன் அக்கரைக்குப் போனார், இக்கரைக்கு வந்தார்,
மறுபடி போனார்.
போன இடத்திலெல்லாம் மீன் சற்றுமுன் கிளம்பியிருந்தது.
"விராலுக்கு ஒடம்பெல்லாம் காதுண்ணே"
என்று கத்தினேன்.
மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

நான் காற்றுக்கு எதிராக
மெல்ல மிதித்து
நின்ற இடத்திலேயே நின்றேன்.
இது ஒரு சுகம், சொன்னால் புரியாது.
மிதித்தும் நகராமல் இருப்பது.

பத்தடி தள்ளி நீரில்
குங்குமம் கொட்டிய மாதிரி குஞ்சுக் கூட்டம்.
அடியில் தாய் விரால் இருக்கும்.
அதைத் தொடக்கூடாது என்று விலகி
ரப்பர் தவளையை இன்னொரு பக்கம் வீசினேன்.

விழுந்ததும் வாங்கியது.
வேறொரு விரால். நாலு கிலோ
(ஒச்சம்மா கணக்கில் ஒன்றரை).

தாமரை வேருக்குள் இழுத்துப் போனது.
படகும் பின்னாலேயே போனது.
இப்போது பின்வாங்க வேண்டும்.
பின்னால் மிதித்தேன்.

டிக் டிக் டிக் டிக்.

ஃப்ரீவீல்.
இருபத்தாறு வருடம்
அந்தச் சத்தத்தை விற்றுச் சாப்பிட்டவன் நான்.
பின்னால் மிதித்தால் ஒன்றும் ஆகாது
என்பதுதானே அதன் வேலை.
அதைத் தண்ணீரில் கொண்டுவந்து மாட்டிவிட்டு
மீனை நம்பிக் காலைச் சுற்றுகிறேன்.

நரம்பு அறுந்தது.
விசிறியில் வேர் சுற்றிக்கொண்டது.

ஒச்சம்மா அதே துடுப்பை
முன்னிருந்து பின்னாகத் தள்ளிக்காட்டினாள்.
சிரிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.
ஜெயினுலாபுதீனுக்கு அது ஒரு சுவிட்ச்.

அவர்தான் கயிறு போட்டு என்னை இழுத்து வந்தார்.
மடைக்கு நூறு அடி இருக்கும்போது
பேட்டரி இறங்கியது.
துடுப்பு இல்லாத ஆண்கள் இருவர்.
முன்னே போன ஒச்சம்மா திரும்பிப் பார்த்துவிட்டு
மீனை எண்ணத் தொடங்கினாள்.

காற்று இருந்தது. கரையும் கிழக்கேதான்.
ஒருவரும் எதுவும் செய்யாமல்
வந்து சேர்ந்தோம்.

ராத்திரி ஃப்ரீவீலைப் பற்றவைத்துப் பூட்டிவிட்டேன்.
இனி முன்னாலும் போகும், பின்னாலும் போகும்.
ஸ்டாண்டில் வைத்து விசிறியைக் கையால் சுற்றினால்
பெடல் இரண்டும் ஆளில்லாமல் மிதிக்கின்றன.
கடையை மூட மனமில்லாமல்
சுற்றிக்கொண்டே இருந்தேன்.